முன்னுரை கிழிந்த புத்தகம்

வண்டூர் கடற்கரையில் பெரிய பெரிய மரங்கள் வேரோடு சாய்ந்து கிடப்பதை நம் சங்கத்து அன்பர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வெயிலிலும் உப்பிலும் வெளுத்து, யானைத் தந்தம் போல வழவழப்பாக இருக்கும். ஜாலிபாய் தீவுக்குப் படகு ஏறப்போகிறவர்கள் அதன் மேல் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளாமல் போவதில்லை. சென்ற ஜனவரியில் சென்னையிலிருந்து வந்த இளந்தம்பதி ஒன்று என்னைப் படம் எடுத்துத் தரச் சொன்னது. "யாரோ அழகுக்காகவே கொண்டு வந்து போட்ட மாதிரி இருக்கு சார்" என்றாள் அந்தப் பெண். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று நடந்ததையும், அந்தப் பூகம்பத்தில் தெற்கு அந்தமான் ஒரு மீட்டர் அளவுக்குக் கீழே இறங்கிவிட்டதையும், கரையோர மரங்களின் வேரில் கடல் புகுந்து அவை நின்ற நிலையிலேயே பட்டுப்போனதையும் சொன்னேன். அந்தப் பெண் மெதுவாக மரத்தை விட்டு இறங்கிவிட்டாள். படமும் எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னபோது மகன் கோபித்துக்கொண்டான். "அவங்க சந்தோஷமா இருக்க வந்தவங்கப்பா. இதெல்லாம் எதுக்குச் சொல்றீங்க?" என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. 2004-இல் நானும் இங்கே இல்லை. 2019-இல் ஓய்வு பெற்று மகனோடு வந்து தங்கியவன். பக்கத்து வீட்டு வங்காளிப் பெரியவர் சொல்லும் வரை நானும் அந்த மரங்களைப் பார்த்து ரசித்துக்கொண்டுதான் இருந்தேன். அப்போது நான் கண்ட அழகு பொய்யா?

இந்தக் கேள்வி எனக்கு ஒரு பழைய கேள்வியை நினைவூட்டியது. பொங்கல் விழா முடிந்து சாப்பாட்டுப் பந்தியில் நண்பர்கள் சிலர் ரஷ்ய நாவல்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கல்லூரியில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஓர் அன்பர், "சரித்திரம் தெரியாமல் டால்ஸ்டாயைத் தொடக் கூடாது" என்று அடித்துச் சொன்னார். இன்னொருவர், "நல்ல இலக்கியத்துக்குப் பின்னணி எதற்கு? மனித மனம் எங்கும் ஒன்றுதானே" என்றார். பாயசம் வந்ததும் விவாதம் முடிந்துவிட்டது. எனக்கு முடியவில்லை. நான் டிப்ளமா படித்த ரயில்வேக்காரன். இலக்கியம் பற்றித் தீர்ப்புச் சொல்லத் தகுதியில்லை. ஆனால் சரித்திரம் தெரியாமல் ஒரு ரஷ்ய நாவலைப் படித்து, அதனால் ஒரு தவறும் செய்தவன் என்ற முறையில் சொல்ல எனக்கு ஒன்று உண்டு.

1983-இல் ஜோலார்பேட்டை யார்டில் டி.எக்ஸ்.ஆர். வேலையில் இருந்தேன். டி.எக்ஸ்.ஆர். என்றால் வண்டிப் பெட்டிகளைப் பரிசோதித்து, ஓடத் தகுதியானவை என்று சான்று தருகிறவர். இரவு வேலை. வண்டிக்கும் வண்டிக்கும் இடையில் படிக்க நேரம் கிடைக்கும். அந்தக் காலத்தில் நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் கண்காட்சிகளில் சோவியத் புத்தகங்கள் சல்லிசான விலைக்குக் கிடைக்கும் என்பது பலருக்கு நினைவிருக்கலாம். கார்க்கியின் 'தாய்' அப்படிப் படித்ததுதான். 'அன்னா கரேனினா' மட்டும் சேலத்தில் பழைய புத்தகக் கடையில் வாங்கியது. கான்ஸ்டன்ஸ் கார்னெட் அம்மையாரின் ஆங்கில மொழிபெயர்ப்பு. அட்டையும் இல்லை, முன்னுரையும் கிழிந்து போயிருந்தது. நேராக முதல் அத்தியாயம். கையில் ஒரு சிறிய அகராதி. டால்ஸ்டாய் எந்த ஜார் மன்னர் காலத்தவர் என்று கேட்டிருந்தாலும் விழித்திருப்பேன்.

முதல் இடைஞ்சல் பெயர்கள். ஒருவருக்கே மூன்று பெயர். ஸ்தெபான் அர்க்காதியேவிச் என்பார்கள், ஒப்லான்ஸ்கி என்பார்கள், அடுத்த பக்கத்தில் ஸ்தீவா என்பார்கள். மூன்று பேரும் ஒரே ஆள் என்று எனக்கு நூறு பக்கம் தாண்டித்தான் தெரிந்தது. இதில் அன்னாவின் கணவர் பெயரும் அலெக்சி, காதலன் பெயரும் அலெக்சி. பிறகு யோசித்தால் இது நமக்குப் புதிதில்லை. வீட்டில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர், முன்னால் அப்பாவின் பெயருக்கு ஓர் எழுத்து. நம் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையை ஒரு ரஷ்யரிடம் கொடுத்தால் அவரும் இதே பாடுதான் படுவார். நான் வேகன் லேபிள் ஒன்றின் பின்புறம் பெயர்களை எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டேன். யாருக்கும் சிபாரிசு செய்யக்கூடிய முறை அது.

ஆனால் நண்பர்களே, அந்த நாவலில் சில பக்கங்கள் எனக்குப் புரிந்த மாதிரி எந்தப் பேராசிரியருக்கும் புரிந்திருக்காது என்று கொஞ்சம் கர்வத்தோடு சொல்வேன். அன்னா முதலில் வந்து இறங்குவதே மாஸ்கோ ரயில் நிலையத்தில். அப்போது ஒரு காவலாளி வண்டியில் அடிபட்டுச் சாகிறான். குடித்திருந்தானோ, குளிருக்குக் காதை இழுத்து மூடியிருந்தானோ, வண்டி பின்னால் நகர்ந்து வந்தது அவனுக்குக் கேட்கவில்லை. இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போய் நின்றேன். பின்னோக்கி வரும் வண்டிதான் யார்டில் எமன். முன்னால் வரும் என்ஜின் சத்தம் போடும். பின்னால் தள்ளப்படும் பெட்டி பூனை மாதிரி வரும். பனி நாளில் காதில் மப்ளர் கட்டிய கலாசிகளைத் திட்டித் திட்டி என் தொண்டை வறண்டிருக்கிறது. டால்ஸ்டாய் ஒரு பிரபு. அவருக்கு இது எப்படித் தெரிந்தது?

அன்னா ஊர் திரும்பும் இரவில், பனிப்புயலில் வண்டி நிற்கிறது. யாரோ குனிந்து போகிறான். இரும்பில் சுத்தியல் தட்டும் சத்தம் கேட்கிறது. அது என்ன சத்தம் என்று நாவலில் விளக்கம் இல்லை. எனக்கு விளக்கம் தேவையும் இல்லை. அது என் வேலை. சக்கரத்தைத் தட்டினால் கணீரென்று பேச வேண்டும், டொக்கென்றால் விரிசல். இரும்போடு குனிந்து நிற்கும் ஒரு குடியானவன் பிறகு அன்னாவின் கெட்ட கனவில் வருகிறான், கடைசி நாளிலும் வருகிறான். அந்த நிலையத்தில்தான், போலகோயெ என்ற ஊரில், விரான்ஸ்கி சோடா குடிக்க இறங்கியவன் அன்னாவைப் பார்த்து, அவளுக்காகவே இந்த வண்டியில் வருவதாகச் சொல்கிறான். அந்த மாஸ்கோ–பீட்டர்ஸ்பர்க் பாதை 1851-இல் திறக்கப்பட்டது. நம் ராயபுரம்–வாலாஜா ரோடு பாதைக்கு ஐந்து வயது மூத்தது. அவர்கள் அகலம் ஐந்து அடி, நம் அகலப் பாதை ஐந்தரை அடி. (ரயிலே இல்லாத அந்தமானில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். திக்லிப்பூர் வரை பாதை போடுவது பற்றிச் சில ஆண்டுகளுக்கு முன் பத்திரிகைகளில் நிறைய எழுதினார்கள். என் காலத்தில் நடக்கும் என்று தோன்றவில்லை.)

ஆக, பின்னணி எதுவும் தெரியாமல் படித்தேன் என்று சொல்வதும் முழு உண்மையல்ல. ரயில் என்ற பின்னணி எனக்குத் தெரியும். மற்றவை தெரியாது. தெரிந்த இடத்தில் நின்றேன், தெரியாத இடத்தில் ஓடினேன். லெவின் என்ற பண்ணைக்காரர் குடியானவர்களோடு ஓயாமல் மல்லுக்கட்டுவார். நான் பக்கம் பக்கமாகத் தள்ளினேன். பிரபுக்கள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல் அத்தியாயங்களில் தூங்கியே விட்டேன். 1861-இல்தான் ஜார் இரண்டாம் அலெக்சாந்தர் பண்ணையடிமைகளை விடுவித்தார் என்றும், நிலத்துக்கான விலையை அவர்கள் 49 ஆண்டுகள் தவணையில் கட்ட வேண்டியிருந்தது என்றும் அறிந்திருந்தால், நல்லது செய்ய வரும் எஜமானனை அந்த மனிதர்கள் ஏன் நம்பவில்லை என்பது விளங்கியிருக்கும். நாவலில் அடிக்கடி வரும் ஜெம்ஸ்த்வோ என்பது 1864-இல் வந்த உள்ளூர் ஆட்சி மன்றம், நம் பழைய ஜில்லா போர்டு மாதிரி. ஜில்லா போர்டு என்றால் சாமானியமில்லை. தஞ்சாவூர் ஜில்லா போர்டு சொந்தப் பணத்தில் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்கு ரயில் பாதையே போட்டது. இவ்வளவும் தெரிந்திருந்தால் தூங்கியிருக்க மாட்டேன். ஆனால் இவற்றால் யாருக்கும் நஷ்டமில்லை. தூக்கம்தான் லாபம்.

நஷ்டம் வேறு இடத்தில்.

அந்த வருஷம் என் அக்கா இரண்டு வயதுக் குழந்தையோடு பொன்மலையில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். காரணம் எதையும் விவரமாகச் சொல்லவில்லை. "இனிமே போகலே" என்று மட்டும் சொன்னாளாம். அப்பா பேசவில்லை. அம்மா அழுதாள். எனக்குக் கடிதம் வந்தது. எனக்கு வயது இருபத்து நான்கு, கல்யாணமும் ஆகவில்லை. எல்லாம் தெரியும் என்று நினைக்கிற வயது. அன்னா கரேனினாவை அப்போதுதான் முடித்திருந்தேன். அன்னாவின் மேல் எனக்குக் கடும் கோபம். விரும்பியவனோடு போனவள் கணவரை முறையாக விவாகரத்து செய்துவிட்டு அவனையே மணந்துகொள்ள வேண்டியதுதானே? எதற்கு ஊர் ஊராக அலைச்சல், சண்டை, சந்தேகம், கடைசியில் தண்டவாளம்? பெற்ற பையனைப் பற்றி நினைத்தாளா? பிடிவாதம் பிடித்தவள், தன் அழிவைத் தானே தேடிக்கொண்டவள் என்பது என் தீர்ப்பு. இதை அப்படியே இன்லண்டு லெட்டரில் அக்காவுக்கு எழுதினேன். ரஷ்யாவில் ஒருத்தி இப்படித்தான் குடும்பத்தை விட்டுப் போய் ரயிலில் விழுந்தாள், நீ அப்படி ஆகிவிடாதே, குழந்தையை நினைத்துக்கொள் என்று. எழுதி முடித்தபோது அறிவாளி என்ற நினைப்பு எனக்கு.

ஒரு வாரத்தில் அக்கா திரும்பிப் போய்விட்டாள். என் கடிதத்தால் மட்டும் போனாள் என்று சொல்ல மாட்டேன். அப்பாவின் மௌனம் என் கடிதத்தை விடப் பெரியது. ஆனாலும் எழுதியது நான்.

நிற்க. வண்டூருக்கு வந்த பிறகுதான் நா. தர்மராஜனின் தமிழ் மொழிபெயர்ப்பில் அதே நாவலை மறுபடி படித்தேன். இந்த முறை நேரம் இருந்தது, மகன் வாங்கித் தந்த வேறு புத்தகங்களும் இருந்தன. அப்போதுதான் தெரிந்தது. அந்தக் கால ரஷ்யாவில் திருமணம் சர்ச்சின் அதிகாரத்தில் இருந்தது. விவாகரத்துக்கு வழிகள் மிகச் சில. பிறன்மனை உறவு என்று வழக்குப் போட்டால் கண்ணால் பார்த்த சாட்சி வேண்டும். எல்லாவற்றையும் விட, குற்றவாளி என்று தீர்ப்பானவர் மறுமணமே செய்துகொள்ள முடியாது. அதாவது கரேனின் அன்னாவின் மீது வழக்குப் போட்டு வென்றால் அவள் விரான்ஸ்கியை ஒருநாளும் மணக்க முடியாது, பையனும் போய்விடுவான். அவள் விரான்ஸ்கியை மணக்க வேண்டுமானால், தவறு செய்யாத கரேனின் தானே தவறு செய்ததாகப் பொய்யாக ஒப்புக்கொள்ள வேண்டும். கணவன் சம்மதமில்லாமல் மனைவிக்குத் தனியாகக் குடியிருக்கும் அனுமதிச் சீட்டுக்கூடக் கிடைக்காது. விரான்ஸ்கிக்கும் அன்னாவுக்கும் பிறந்த பெண் குழந்தை சட்டப்படி கரேனினின் மகள். இதை விரான்ஸ்கியே ஓரிடத்தில் தாங்க முடியாமல் சொல்கிறான். 1983-இல் இந்த வரியையும் படித்தேன். ஏதோ ஆத்திரத்தில் பேசுகிறான் என்று தாண்டிவிட்டேன்.

கரேனின் வக்கீலிடம் போகும் அத்தியாயம் ஒன்று உண்டு. வக்கீல் பேச்சுக்கு நடுவே அந்துப் பூச்சி பிடித்துக்கொண்டிருப்பார். முன்பு அதைச் சிரிப்பதற்காக எழுதியது என்று நினைத்தேன். இப்போது அந்த வக்கீல் சொல்லும் ஒவ்வொரு சட்ட நுணுக்கமும் எனக்குச் சாவி திருகும் சத்தமாகக் கேட்டது. "விவாகரத்து செய்துகொள்ள வேண்டியதுதானே" என்று நான் கேட்ட கேள்விக்குப் பதில் அந்த அறையிலேயே இருந்திருக்கிறது.

பின்னணி என்றால் மன்னர்கள், போர்கள், ஆண்டுகள் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அவையும் வேண்டும்தான், கடைசியில் விரான்ஸ்கி எந்தப் போருக்கு வண்டி ஏறுகிறான் என்பதற்கு 1876-இல் செர்பியா துருக்கியோடு போரிட்டதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தத் தொண்டர் படை ஆரவாரத்தை டால்ஸ்டாய் ஒத்துக்கொள்ளாததால், நாவலைத் தொடராக வெளியிட்டு வந்த பத்திரிகை ஆசிரியர் கத்கோவ் கடைசிப் பகுதியைப் போட மறுத்து, டால்ஸ்டாய் அதைத் தனிப் புத்தகமாக அச்சிட நேர்ந்தது சுவையான கதை. ஆனால் என் சிற்றறிவுக்கு எட்டிய வரை முதலில் தெரிய வேண்டிய பின்னணி ஒன்றுதான்: இந்த மனிதருக்கு எந்தெந்தக் கதவு திறந்திருந்தது, எது பூட்டியிருந்தது? அது தெரியாமலும் கதையை ரசிக்கலாம், அழலாம். பாத்திரத்தின் மேல் தீர்ப்பு எழுத முடியாது. நான் எழுதினேன், அதுவும் தபால் தலை ஒட்டி.

இதில் இன்னொரு விஷயம் என்னைக் குத்துகிறது. அன்னாவுக்குப் பூட்டியிருந்த கதவுகள் என் அக்காவுக்குத் திறந்தே இருந்தன. இந்து திருமணச் சட்டம் 1955-இலேயே வந்துவிட்டது. இருவரும் மனமொத்துப் பிரியும் பிரிவு 1976-இல் சேர்க்கப்பட்டது. "குழந்தையை அவங்க பிடுங்கிக்குவாங்க" என்று பக்கத்து வீட்டு மாமி பயமுறுத்தினார்களாம். 1956-ஆம் வருஷச் சட்டத்தில், ஐந்து வயது வரை குழந்தை சாதாரணமாகத் தாயிடம்தான் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. குழந்தைக்கு இரண்டு வயது. எங்கள் வீட்டில் அப்பா ஒர்க்ஷாப்பில் சார்ஜ்மேன், நான் டிப்ளமா, சித்தப்பா கிராம முன்சீப்பாக இருந்தவர். ஒருவருக்கும் இது தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை. ரஷ்ய சரித்திரம் தெரியாததைக்கூட மன்னிக்கலாம்.

அக்காவின் கணவர் 2011-இல் காலமானார். பையன் நன்றாகப் படித்து இப்போது வெளிநாட்டில் இருக்கிறான். சென்ற வருஷம் மழைக்காலத்துக்குப் பிறகு அக்கா எங்களோடு மூன்று மாதம் இருக்க வண்டூர் வந்தாள். மேசை மேல் கிடந்த தடிப் புத்தகத்தைப் பார்த்தாள். "இதானே அந்த ரயில்லே விழுந்தவ கதை?" என்றாள். நாற்பது வருஷம் கழித்தும் நினைவு வைத்திருக்கிறாள். எனக்கு வார்த்தை வரவில்லை. அவள் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். ரஷ்யா எந்தப் பக்கம் இருக்கிறது என்றும் அவளுக்குத் தெரியாது, ஜார் மன்னர் என்றால் யார் என்றும் தெரியாது. பெயர்க் காகிதம் போட்டுத் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு மூன்று வாரத்தில் படித்து முடித்துவிட்டாள்.

முடித்த அன்று சாயங்காலம் கடற்கரைக்கு நடந்தோம். "இவளையாடா எனக்கு உதாரணம் காட்டி எழுதினே?" என்று கேட்டாள். குரலில் கோபமில்லை. அந்த நாட்டுச் சட்டம் அப்போது தெரியாது அக்கா என்று ஆரம்பித்து விவாகரத்து விதிகளை எல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். "அதெல்லாம் இருக்கட்டும். அது எனக்கும் தெரியாது. படிச்சா புரியுதே" என்றாள்.

எனக்கு இன்றும் விளங்காத ஓர் இடத்தை அவளிடமே கேட்டேன். நடுவில் ஒரு கட்டத்தில் கரேனின் மனம் இளகி, பழியைத் தானே ஏற்றுக்கூட விவாகரத்து தரத் தயாராகிறார். அன்னா வாங்கிக்கொள்ளவில்லை. வாங்கியிருந்தால் உயிர் பிழைத்திருப்பாளே, இதற்கு எந்தச் சரித்திரப் புத்தகத்திலும் பதில் இல்லையே என்றேன். அக்கா உடனே சொன்னாள்: "அவன் பெரிய மனுஷனா நின்னுக்கிட்டு கொடுக்கிறான்டா. கீழே நின்னு வாங்கணும். எப்படி வாங்குவா?"

கல்லூரி அன்பர் சொன்னதும் சரி, மனித மனம் எங்கும் ஒன்று என்றவர் சொன்னதும் சரி என்று சமாதானம் பேச நான் வரவில்லை. அக்காவுக்குப் பின்னணி தேவைப்படவில்லை, எனக்குத் தேவைப்பட்டது. என்னைப் போன்றவர்கள், அதாவது அந்த நிலைமையில் ஒருநாளும் நின்று பார்க்காதவர்கள், புத்தகத்தின் பின்பக்கக் குறிப்புகளைக் கண்டிப்பாகப் படிக்க வேண்டும் என்பது என் கட்சி. முதலில் அல்ல. முதலில் கதையைப் படியுங்கள். முன்னுரையைப் பார்த்துப் பயந்து மூடிவைக்கிறவர்கள்தான் அதிகம். முடித்ததும் குறிப்புகளுக்குப் போங்கள், மறுபடி நாவலுக்கு வாருங்கள். இங்கே பிறந்து வளரும் நம் பிள்ளைகளிடம் தி. ஜானகிராமனைக் கொடுக்கும்போதும் அதையே சொல்வேன். காவேரியைப் பார்க்காத பிள்ளைக்குக் கும்பகோணம் ஒரு மாஸ்கோதான். கேட்கிறபோது சொல்லிக் கொடுக்க நாம் இருக்க வேண்டும்.

டால்ஸ்டாய் இந்தக் கதையைச் சும்மா கற்பனையில் எடுக்கவில்லை என்பதையும் அக்காவிடம் சொன்னேன். 1872 ஜனவரியில் அவர் வீட்டுக்குப் பக்கத்தில் யாசென்கி நிலையத்தில் அன்னா பிரகோவா என்ற பெண் சரக்கு வண்டியில் விழுந்து இறந்தாள். டால்ஸ்டாய் போய்ப் பிரேதப் பரிசோதனையைப் பார்த்தார். அவரும் கடைசியில் 1910-இல் வீட்டை விட்டுக் கிளம்பி, அஸ்தாபவோ என்ற சின்ன நிலையத்தில், ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டில்தான் உயிர் விட்டார். அக்கா "ஐயோ பாவம்" என்றாள். அது யாருக்கு என்று தெரியவில்லை.

திரும்பி நடக்கும்போது கேட்டாள். "அந்தப் பையன் கடைசியிலே ரயில் விளையாட்டு விளையாடறானே, அது ஞாபகம் இருக்கா?"

எனக்கு நினைவில்லை. நாற்பது வருஷம் ரயிலோடு வாழ்ந்தவன், இரண்டு முறை படித்தவன். நாவலில் உள்ள எல்லா ரயிலையும் நான் பார்த்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன்.

இரவு தேடி எடுத்தேன். ஏழாம் பகுதியில் இருக்கிறது. தாய் இறந்துவிட்டாள் என்று பொய் சொல்லி வளர்க்கப்பட்ட செர்யோஷா, பள்ளிக்கூடத்துப் பையனாகி, மாமன் ஸ்தீவாவிடம் தங்கள் விளையாட்டை விவரிக்கிறான். இரண்டு பேர் பெஞ்சில் உட்கார்ந்தால் பயணிகள். ஒருவன் பெஞ்சின் மேல் நிற்க வேண்டும். மற்றவர்கள் கட்டி இழுத்துக்கொண்டு அறை அறையாக ஓடுவார்கள். நிற்கிறவனுக்குத்தான் கஷ்டமாம், வண்டி திடீரென்று நின்றாலோ யாராவது விழுந்தாலோ கவனமாக இருக்க வேண்டுமாம்.

அக்காவின் அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். "அதேதான்" என்றாள். "என் பிள்ளையும் அந்த வீட்லே பெஞ்சைத் தள்ளித் தள்ளி இப்படித்தான் விளையாடுவான். மாமா வேலை பார்க்கிற ரயிலுன்னு சொல்லுவான்."